எட்டு டிரம் தீர்த்தம்

எழில்மொழிக்கு ஈரம் ஆகாது. கொடியில் ஈரத்துண்டு ஒன்று அரை நாளுக்கு மேல் தொங்கினால் வீட்டில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மேல்வீட்டுக் குழாய் ஒழுகி, அவள் வீட்டுக் கூரையில் நான்கு வருடமாக இந்தியா வரைபடம் போல ஒரு கறை. போன மழைக்கு இலங்கையும் சேர்ந்துவிட்டது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது, வேலை கொடுத்த வியாதி. பதினொரு வருடமாக எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கார் எங்காவது மோதினால் ஓட்டுகிறவர் முகத்துக்கு முன்னால் ஒரு பை புஸ்ஸென்று உப்புமே, ஏர்பேக், அதை உப்ப வைக்கிற மருந்தைச் செய்யும் கம்பெனி அது. பையில் காற்றை அடைத்து மடித்து வைத்திருப்பதாகப் படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்குக்கு நடுவில் உள்ளங்கை அளவு உலோக டப்பா, டப்பாவுக்குள் தலைவலி மாத்திரை போல வில்லை வில்லையாக மருந்து. கார் மோதியதும் மருந்து பற்றிக்கொண்டு வாயுவாகிறது. கண் இமைப்பதில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை நிறைந்துவிடும். ஆக, கார் வாங்குகிறவர்கள் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்ன வெடியை வைத்துக்கொண்டு, அதன் பெயர் பாதுகாப்பு என்று நம்பி, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றிக் கிளம்புகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் இதற்கு சோடியம் அசைடு போட்டார்கள், அது விஷம். பிறகு குவானிடின் நைட்ரேட் வந்தது, அது விலை. இந்தக் கம்பெனி அம்மோனியம் நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டது. மலிவான சரக்கு, கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான், ஈரத்தை உறிஞ்சும். ஈரம் பட்ட வில்லை அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. கார் ஆறு வருடம், எட்டு வருடம் வெயிலில் நின்று மழையில் நனைய, உள்ளே கமுக்கமாகப் பொடிந்துகொண்டிருக்கும். நிதானமாக எரிய வேண்டிய வில்லை, மாவாகி மொத்தமாக எரியும். டப்பா தாங்காது. பையோடு சேர்ந்து டப்பாவின் துண்டும் வரும், சரியாகக் கழுத்து உயரத்துக்கு.

ஈரம் ஆகாத மருந்தைச் செய்ய, ஜன்னல் கம்பி ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிற கடலோரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. நிலம் அங்கேதான் கிடைத்தது.

எழில்மொழியின் வேலை ஈரம் பார்ப்பது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வைத்த அறை, உள்ளே காற்றைக்கூட உலர்த்தித்தான் விடுவார்கள். மருந்து நிறைந்த டிரம்மிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மீட்டரில் வைப்பாள். நூற்றுக்கு 0.15 பங்கு ஈரம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் அந்த லாட் முழுவதையும், அதாவது அதோடு சேர்த்துச் செய்த எல்லா டிரம்மையும், குழியில் கொட்டி எரிக்க வேண்டும். எண்ணை அவள் லாட் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கேட்டைத் தாண்டும். கையெழுத்தை நம்பி லாரி கிளம்பும், கையெழுத்துப் போடுகிறவள் மட்டும் பதினொரு வருடமாக ஒப்பந்தம். இந்த வருடம் ஆறு பேரை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று பேச்சு. பட்டியலில் அவள் பெயர் இரண்டாவது. கூட வேலை செய்யும் சௌமியா ஏழாவது.

நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டிய வாரத்துக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை வந்தது.

வருடா வருடம் பூஜையன்று மருந்து அறையில் எழில்மொழிக்குத்தான் டியூட்டி போடுவார்கள். அவள் வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். "உனக்குத்தான் பூஜை இல்லியே எழிலு" என்பார் சூப்பர்வைசர் தண்டபாணி, சலுகை கொடுக்கிற குரலில். திருவொற்றியூர்க்காரர், நெற்றியில் எப்போதும் விபூதி, சட்டைப்பையில் எப்போதும் பாதுகாப்பு விதிகள் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துத்தான் அந்த வருடம் பூஜைக்கு ஏற்பாடு செய்தார்கள். வெடி மருந்து இருக்கிற இடம், நெருப்பு ஆகாது. எனவே சூடம் ரத்து, ஊதுபத்தி ரத்து. தீபாராதனைக்கு பேட்டரியில் எரியும் விளக்கு. பூசணிக்காய் கேட்டுக்கு வெளியே. இவ்வளவும் யோசித்த கூட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. தீர்த்தத்தைத் தண்ணீராகப் பார்க்கிற புத்தி நமக்கு இல்லை.

குருக்கள் கலசத்தோடு உள்ளே வந்தார். பின்னால் பிளான்ட் மேனேஜர், அவர் குடும்பம், இன்னும் இருபது பேர். தண்டபாணி ஓடிப்போய் எட்டு டிரம்மின் மூடியையும் தன் கையாலேயே திறந்து வைத்தார். ஆசீர்வாதம் மூடிமேல் விழுந்து வீணாகப் போகக் கூடாதல்லவா.

"சார், மூடிய மூடுங்க சார்" என்றாள் எழில்மொழி மூலையிலிருந்து.

"ரெண்டு நிமிஷம்மா."

"சார், தண்ணி."

"உஷ்."

மேனேஜரின் மனைவி திரும்பிப் பார்த்தார். குருக்கள் மாவிலைக் கொத்தைக் கலசத்தில் நன்றாக முக்கி, மெஷினுக்கு மூன்று தரம், டிரம்முக்கு மூன்று தரம், தாராளமாகத் தெளித்தார். எல்லோருக்கும் பொரி கடலை கிடைத்தது. மூலைக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

இரண்டு நாள் விடுமுறை கழித்து எழில்மொழி மீட்டரில் சிட்டிகை வைத்தாள். 0.42. இன்னொரு டிரம், 0.39. எட்டையும் பார்த்துவிட்டு தண்டபாணியைக் கூப்பிட்டாள்.

"அடியில கைய வுட்டு எடுத்துப் பாரேன்" என்றார் அவர்.

"தண்ணி மேல கீது சார். அடியில எடுத்தா அடியோட கணக்குதான் வரும்."

"அதத்தான் எழுதச் சொல்றேன். வர்ற திங்கக்கெழம லாட் போவணும். மேனேஜர் குடும்பமே நின்னு கும்பிட்ட லாட்டு. அத எரிக்கணும்னா இன்னா காரணம்னு எழுதுவ? சாமி தண்ணி பட்டு கெட்டுப்போச்சின்னா?"

"மீட்டரு இன்னா சொல்லுதோ அத எழுதுவேன்."

"எழுது. யாரு எழுதுனான்னு பாப்பாங்க, தெரியுமில்ல. உன் வூட்டு சாமி எதுன்னும் பாப்பாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "லெட்டரு டைப் அடிச்சி வெச்சிட்டாங்க எழிலு. கண்ணால பார்த்தேன். நைனா மாதிரி சொல்றேன், கேளு."

கார்டை எழுத மறுநாள் காலை வரை நேரம் இருந்தது. வீட்டில் புருஷன் ஜெயவேலிடம் சொன்னாள். துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் சரிபார்க்கிறவன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளியே சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் இருபது வருட அனுபவம்.

"இதுக்கு ஏன் மே பேஜார் பண்ணிக்கிற? போட்டுட்டு வா."

"வெடிச்சா?"

"எட்டு வருசம் கயிச்சி எவனோ ஒருத்தனுக்கு வெடிக்கும். நம்ம பிளாக்குல எவன்கிட்ட காரு கீது சொல்லு. நாப்பது வூடு, நாப்பது பைக்கு. கார்ல போறவன் என்னிக்கினா நம்மளப் பார்த்து ஓட்டிக்கீறானா?"

"என் தம்பி உதயா கால் டாக்சி ஓட்றானே, அவன் இன்னா ஸ்டியரிங்க வுட்டுட்டு பின் சீட்ல குந்தியா ஓட்றான்?"

"அவனுக்குப் போன் போட்டு பை இல்லாத பழைய வண்டியா பார்த்து ஓட்டச் சொல்லு. நீ பர்மனென்ட் ஆவு."

ஜெயவேல் கெட்டவன் இல்லை. அடுத்த வருடம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். காலையில் பேனாவை எடுத்தபோதும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கை பதினொரு வருடப் பழக்கத்தில் 0.42 என்று எழுதிவிட்டது. வீரம் என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். கூரையில் இலங்கையைத் துடைக்க வழியில்லாதவளுக்கு, துடைக்க முடிந்த ஈரம் உலகத்தில் இது ஒன்றுதான் இருந்தது.

கம்பெனி அநியாயமாக நடந்துகொள்ளவில்லை. முறைப்படி விசாரணைக் குழு போட்டது. மருந்து அறைக்குள் ஈரம் எப்படி வந்தது என்பது கேள்வி. பூஜையில் கலந்துகொண்ட இருபத்து மூன்று பேரும் கை கூப்பி நின்றதால், அவர்கள் கை எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி இருந்தது. கை கூப்பாமல் நின்றவள் ஒருத்திதான். அவள் கை எங்கே இருந்தது என்று சொல்ல யாருமில்லை. கலசம் பற்றிக் கேள்வியே வரவில்லை. குருக்கள் வெளியாள், கம்பெனி விதி அவரைக் கட்டுப்படுத்தாது.

பிறகு சௌமியாவைக் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

"அன்னிக்கு எழில்மொழி தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்தாங்களா?"

சௌமியா தரையைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம சார். எல்லாரும்தான் குளிச்சோம்."

"அவங்கள மட்டும் சொல்லும்மா."

"குளிச்சாங்க."

ஈரத்தலையிலிருந்து எட்டு டிரம்மிலும் சமமாக நீர் சொட்டியது என்று அறிக்கை முடிந்தது. எட்டு டிரம்முக்கு எவ்வளவு கூந்தல் வேண்டும் என்று குழு கணக்குப் போடவில்லை. எழில்மொழிக்குத் தோளைத் தாண்டாத முடி. பட்டியலில் ஏழாவது பெயர் ஆறாவது ஆயிற்று. எழில்மொழியை வேலையை விட்டு எடுக்கவில்லை, இரக்கப்பட்டு கேன்டீனுக்கு மாற்றினார்கள், தட்டு கழுவ.

நான்காம் நாள் தண்டபாணி கேன்டீனுக்கு வந்தார். கையில் அதே லாட் கார்டு. 0.42 மேல் யாரோ அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 0.12 என்று எழுதியிருந்தார்கள். இங்கேதான் கம்பெனி தன் விதியிலேயே மாட்டிக்கொண்டது. கார்டில் அடித்துத் திருத்தினால், முதலில் எழுதியவரே பக்கத்தில் காரணம் எழுதிச் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆடிட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். மருந்தைப் பார்க்க மாட்டார்.

"ஒரு இனிஷியல்தான் எழிலு. வெச்சிடு. இந்த மாசமே லெட்டர் வாங்கித் தரேன். ஏழாவதா போட்டுக்கலாம்னு மேனேஜரே சொல்ட்டாரு."

எழில்மொழி கையைப் புடவையில் துடைத்தாள். பத்தவில்லை என்று மறுபடியும் துடைத்தாள். "காரணமும் எழுதணுமே சார்?"

"தப்பா படிச்சிட்டேன்னு எழுது."

பேனாவை வாங்கினாள். முத்து முத்தாக எழுதினாள். சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். தண்டபாணி சிரித்த முகத்தோடு வாங்கி, அங்கேயே படித்தார்.

'0.42 சரி. பூஜைத் தண்ணீர் எட்டு டிரம்மிலும் விழுந்தது. மூடி திறந்தவர் தண்டபாணி.'

அதை அடிக்க வேண்டுமென்றால் அதற்கும் அவள்தான் கையெழுத்து வைக்க வேண்டும். தண்டபாணி கார்டை விதிகள் புத்தகத்துக்குள் செருகிச் சட்டைப்பையில் வைத்தார்.

"உனக்கு எவ்ளோ கொழுப்பு" என்றார், கோபமே இல்லாமல், ஏதோ மீட்டரைப் படிக்கிறவர் போல.

மறுநாள் ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார், இனிமேல் வரவேண்டாம் என்று. காரணம் கேட்டாள். காரணம் எழுதும் பழக்கம் ஒப்பந்தத்தில் இல்லை.

ஜெயவேல் மூன்று நாள் பேசவில்லை. அவள் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தாள். மீன் பெட்டிக்குள் ஐஸ் அள்ளிப் போடும் வேலை, காலையிலிருந்து மாலை வரை முழங்கால் வரை நனையும். விரல் இடுக்கு வெந்து வெளுத்தது. மகள் மகிழினி மாலையில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌமியா போன் செய்தாள்.

"அக்கா, சாப்டியா?"

"சொல்லு."

"அந்தக் கார்ட தூக்கிப் போட்டாங்கக்கா. லாட்டுக்குப் புது நம்பர், புதுக் கார்டு. காய வெச்சாங்க, அடியில எடுத்துப் பார்த்தாங்க. நேத்து போச்சி."

"எட்டு டிரம்முமா?"

"எட்டும்தான்."

"யாரு கையெழுத்து?"

சௌமியா வீட்டில் மிக்சி ஓடத் தொடங்கியது.

"லாட்டோட புது நம்பர் சொல்லு" என்றாள் எழில்மொழி.

சௌமியா சொன்னாள். எழில்மொழி சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் ஏழு இலக்கத்தையும் எழுதி, ஒரு தரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, போனை வைத்தாள்.

ஜெயவேல் சட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "யாரு நம்பரு மே இது? மூணு டிஜிட் கம்மியா கீது."

"தெரியல" என்றாள். "அவன் இன்னும் காரு வாங்கல."