துண்டுக்கு அடியில் ஒரு கை

அப்போது எனக்குக் கை வரைய வராது. முகத்தை மட்டும் அச்சு அசலாக வரைவேன். எலும்பு, மூட்டு என்று அடிப்படையிலிருந்து கற்கப் பொறுமை இல்லாததால், கைகளைச் சட்டைப்பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் படம் வரைந்து வாங்கிய யாரும் அதைக் கேட்டதில்லை.

ராஜபாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இறந்துபோன தன் கணவரை வரையச் சொல்லி ஒரு போட்டோ கொடுத்தார். விசைத்தறியில் வேலை பார்த்தவர். பேத்தியைத் தூக்கியிருந்த வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான்கைந்து முறை வரைந்து அழித்தேன். கடைசியில், அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து அந்தக் கைமேல் போட்டு வரைந்துவிட்டேன்.

படத்தை வாங்கிய அம்மா முகத்தைத் தடவிப் பார்த்தார். அவர் விரல் துண்டில் வந்து நின்றது.

"அவிய ஆயுசு பூரா அந்தக் கைய மறைச்சுக்கிட்டேதான் நின்னாவ, தம்பி. பேத்தியத் தூக்குனப்பதான் மறந்துட்டாவ. அதுக்காகத்தான் இந்தப் போட்டோவக் கொடுத்தேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே என்னைத் தேற்றினார். "அவியளுக்குக் கூச்சமா இருக்குமேன்னு மூடியிருப்பீக. நல்ல மனசு."

"ஆமாம்மா" என்றேன். கை வரையத் தெரியாதவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து என் இடது கையைப் பார்த்துத் தினமும் வரைகிறேன். முதலில் உள்ளங்கையை ஒரு பெட்டியாக, பிறகு மூட்டு மூட்டாக. இரண்டு விரல்களை மடக்கி வைத்தும் வரைந்தேன். அந்தப் படத்தைக் கைமேல் துண்டில்லாமல் புதிதாக வரைந்து முடித்து மாதங்கள் ஆகின்றன. ராஜபாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் படத்தைக் கொடுத்தால், அன்று எதற்குத் துண்டு போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.