டைனோசர் ஸ்டாப்பில் ஒரு ஞாயிறு

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். நான் சாலையோரத்து ஃபைபர் பொம்மைகளைத் தேடிப் போகிறவன். திருவள்ளூர் பக்கம் லாரி உயரச் சேவல் ஒன்றைப் போன மாதம் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற தனியாள். ஞாயிறன்று வீட்டில் இருந்தால் டிவியோடு சண்டை போட வேண்டியதுதான்.

ஸ்டேஷனிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டைனோசர் என்றதும் ஓட்டுநர் சிரித்தார்.

"அத்த வாசல்ல வச்சிருந்த ஓட்டலு மூடி ஒரு வருஷம் ஆவுது சார். எல்லாத்தையும் ஏத்திக்கினு போய்ட்டாங்க. இத்த மட்டும் தூக்க முடியல, உட்டுட்டாங்க. இப்ப ஸ்டாப் பேரே அதான்."

பத்து மணி வெயிலில் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. பச்சை பெயின்ட் உரிந்திருந்தது. வாயில் மைனா கூடு, வாலில் யாரோ காயப்போட்ட லுங்கி. சுற்றிலும் ஆலைச் சுவர்கள். அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காலடியில் ஓர் இளைஞர் ஃபோனோடு நின்றிருந்தார். ஒடிசாக்காரர், பக்கத்து இரும்பு ஆலையில் வேலை. தமிழ் இங்கே கற்றது.

"அண்ணா, ஃபோன் கொஞ்சம் புடிக்கிறியா? வீடியோ கால்ல பொண்ணு இருக்குது. டைனோசர் முழுசா தெரியணும், நானும் தெரியணும். நான் இங்க வந்தப்புறம் பொறந்த பொண்ணு, என்னை நேர்ல பாத்ததில்ல."

பின்னால் நடந்து நடந்து சாலைவரை வந்துவிட்டேன். டைனோசர் முழுதாக அடங்கியது, அவர் எறும்பாகிவிட்டார். ஸ்பீக்கரில் குழந்தை அவருக்கே கேட்கும்படி உரக்க ஏதோ கேட்டது.

"அப்பா எங்கன்னு கேக்குது," என்று கத்தினார். இரண்டு கைகளையும் ஆட்டினார். குழந்தைக்குத் தெரியவில்லை. அழத் தொடங்கியது.

எனக்குப் பதறியது. கேமராவை டைனோசரின் தலையில் வைத்து, கழுத்து, வயிறு, கால் என்று மெல்ல இறக்கிக்கொண்டே அவரை நோக்கி நடந்தேன். கடைசியில் அவர் முகம் மட்டும். "பாபா!" என்று குழந்தை கூவியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கால் முடிந்ததும், "உன்னையும் ஒண்ணு எடுக்கிறேன்ணா," என்று தன் ஃபோனிலேயே எடுத்தார். "யாருக்கு அனுப்பணும்?"

யோசித்துப் பார்த்தேன். என் நம்பரையே கொடுத்தேன்.

திரும்பும் ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது ஃபோன் ஒலித்தது. படத்தில் என் முகம்தான் பெரிதாக இருந்தது, பின்னால் டைனோசரின் ஒரே ஒரு நகம். அன்று எனக்கு வந்த ஒரே செய்தி அதுதான்.