காஜா அக்கா சொன்ன சாட்சி

எங்கள் தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவரை எல்லோரும் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு துளையும் முடிந்ததும் வெடுக்கென்று குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். ஒருநாள் கட்டிங் மாஸ்டர், "என்னக்கா, கோழி கொத்துற மாதிரி கொத்துறீங்க?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் சிரித்தோம். அக்காவின் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு பல நாள் மாஸ்டரோடு அவர் பேசவே இல்லை.

"கோழின்னா கெட்ட வார்த்தையா?" என்று மாஸ்டர் என்னிடம் புலம்பினார். எனக்கும் தெரியவில்லை. நான் எதையும் துருவிக் கேட்கிறவள் இல்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான், லாரி மோதிச் செத்தான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவன் பேச்சு வந்தால் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்.

அக்காவின் நாத்தனார் அதே கூடத்தில் காலர் தைக்கிறவர். வயதில் சின்னவர், வாய் ஓயாது. அவர்தான் அக்காவையும் என்னையும் ஜெப மையத்தில் தங்கி ஜெபிக்கும் தியானத்துக்குக் கூப்பிட்டார்.

"ஒரு தடவை வாங்க அண்ணி. மனசுல இருக்கிற பாரத்தை இறக்கி வச்சிட்டு வந்துடலாம்."

"எனக்கென்னடி பாரம், உங்க அண்ணனைத் தவிர?" என்றார் அக்கா. ஆனால் அன்று மாலையே நல்ல சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் தியானம். படுக்க இரும்புக் கட்டில்கள். வாசலில் ஒரு கூடை, அதில் செல்போனைப் போட்டுவிட வேண்டும். பெரிய கூடத்தில் எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். எப்போது தட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் நாங்கள் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலை நாத்தனாரும் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேடையில் தியானம் நடத்தும் பிரதர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"இங்க ஒரு சகோதரி இருக்காங்க. ஒரு மத்தியானம் அவங்க தம்பி வாசல்ல வந்து நின்னு 'அக்கா, அக்கா'ன்னு கூப்பிட்டார். இவங்க கதவைத் திறக்கல. அன்னைக்கே அவர் போயிட்டார். மகளே, ஆண்டவர் சொல்றார், உன்னை மன்னிச்சிட்டேன்."

அக்காவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. விரல்கள் வலித்தன. அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "என்னை ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்குடி," என்றார். "இந்தக் காஜா போடறவளை அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

மதியம் வயிறாரச் சாப்பிட்டார். தட்டுக் கழுவும்போது, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"குடிச்சிட்டு வந்திருந்தான். இன்னொரு தடவை அவனை உள்ள விட்டா நீயும் கூடவே போயிடுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தாரு. கதவுக்குப் பின்னால மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். 'கோழி, கதவைத் தொற கோழி'ன்னு..."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.

"அவன் என்னைக் கோழின்னுதான் கூப்பிடுவான்," என்றார் மெதுவாக. "சின்னதுல அவனை அணைச்சுக்கிட்டே திரிவேன், யாரையும் கிட்ட விடமாட்டேன். அதனால வச்ச பேரு. இந்தக் கதையை நாத்தனார்கிட்ட மட்டும்தான் சொன்னேன். கோழின்னு சொல்ல வாய் வரல. அக்கான்னு கூப்பிட்டதா மாத்திச் சொன்னேன்." ஈரத் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டார். "அவன் என்னன்னு கூப்பிட்டான்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

நாத்தனார் சாப்பாட்டு மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நேராகப் போய், "பிரதர்கிட்ட நீ சொன்னியா?" என்று கேட்டார்.

"ஜெபக் குழுவுல சொன்னேன் அண்ணி. புதுசா கூட்டிட்டு வர்றவங்க பாரத்தை முன்னாடியே சொல்லி வைக்கிறது வழக்கம். ஜெபிக்கிறதுக்குத்தான்."

"ஜெபிக்கச் சொன்னியா, ஒப்பிக்கச் சொன்னியா?"

"யார் வாயால வந்தா என்ன? காலையில நீங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க!"

"அதைத்தாண்டி கேக்குறேன். பக்கத்துல உக்காந்து என் சந்தோஷத்தைப் பாத்துக்கிட்டே இருந்தியே. எப்படிடி முடிஞ்சுது?"

நாத்தனார் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

மாலையில் சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் தொட்டவர்கள் மேடைக்கு வந்து நடந்ததைச் சொல்லலாம் என்றார் பிரதர். நாலு பேர் முன்னால் பேச அக்காவுக்கும் என்னைப் போலவே கூச்சம். ஆனாலும் எழுந்து போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி என்னைக் கோழின்னுதான் கூப்பிடுவான். அக்கான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

மீதிக் கதைக்காகக் கூடம் காத்திருந்தது. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரதர் ஒரு நொடி விழித்தார், பிறகு "ஸ்தோத்திரம்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நாத்தனாரின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்து, "அண்ணி, இங்க வாங்க," என்று கூப்பிட்டார். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் வெகுதூரம் வந்துவிட்டது.

"காலையில கொஞ்ச நேரம் அவன் கூப்பிடறது நின்னுபோயிருந்துச்சுடி," என்றார். "இப்ப மறுபடியும் வாசல்ல வந்து நிக்கிறான்."