பல்லைக் கடித்த கிளி

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். செம்பூரில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டுக்கு, தவறி என்னிடம் வந்த தபாலைக் கொடுக்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டது ஒற்றைக் காலில் நின்ற கிளி. மற்றக் கால் வயிற்று இறகுக்குள். உடம்பை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி, கரகரவென்று அலகை அரைத்துக்கொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்ல அங்கிள், குஷியா இருக்கு. தூக்கம் வந்தா டெய்லி இப்படித்தான்," என்றாள் அந்த வீட்டுப் பெண்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், கல்யாணமான புதிதில், எங்களுக்கு மாட்டுங்காவில் ஒரே அறை. நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். பாலக்காட்டிலிருந்து வந்த என் மனைவி கமலத்துக்கு இந்தி தெரியாது. கிளி விற்றவன் 'தோத்தா' என்றான். கிளிக்கு இந்தியில் அதுதான் சொல் என்று தெரியாமல், பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிட்டாள். பகலெல்லாம் தோத்தாதான் பேச்சுத்துணை.

தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி. எங்கள் வீடுகளில் அதற்கு மறுபேச்சு கிடையாது. என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளுக்கே விளக்கெண்ணெய் வாசனைதான். கிளி அலகை அரைப்பதைக் கேட்டதும் பூச்சி என்றேன்.

"ஏன்னா, பல்லே இல்லாத ஜீவன் எப்படிப் பல்லைக் கடிக்கும்?" என்று கமலம் சிரித்தாள். கூண்டில் துண்டைப் போர்த்தி, தான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அப்படிச் செய்கிறது என்றும் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை நானே அலகைப் பிரித்து விளக்கெண்ணெய் புகட்டினேன். பாலாடையில். எங்கள் குழந்தைக்குப் பால் புகட்டவென்று ஊரிலிருந்து வந்த பாலாடை. குழந்தை எட்டு நாள்தான் இருந்தது. எண்ணெய் மூச்சில் ஏறியிருக்க வேண்டும். மத்தியானம் தோத்தா கூண்டின் தரையில் கிடந்தது.

கமலம் அழவில்லை. பாலாடையைத் தேய்த்துக் கவிழ்த்தாள். "அது நன்னாத்தான் இருந்தது," என்றாள், ஒரே தடவை.

பூச்சி முற்றிவிட்டது என்று நான் சொன்னேன். பிறகு பல வருடங்கள், கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மாட்டுங்காக் கட்டடத்தைக்கூட இடித்தாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் கூண்டின் மேல் துண்டைப் போர்த்தினாள். உள்ளே அந்தச் சத்தம் இன்னும் சிறிது நேரம் கேட்டது. கமலத்திடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வந்து பூட்டைத் திறந்தேன்.

அவள் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன.