சும்மா இருக்கிறவளின் ஹெட் ஆபீஸ்

வீட்டில் இருந்தபடியே அடுத்தவர் ஆபீஸை நடத்துகிறவருக்கு ஊர் கொடுக்கும் பட்டம் ஒன்றுதான்: 'சும்மா இருக்கிறவர்'. நீங்களும் அந்தப் பட்டம் வாங்கியவர் என்றால் வாருங்கள், சேர்ந்து வயிறெரிவோம்.

நான் வாங்கியது திருவொற்றியூரில், பிராட்பேண்ட் வந்த புதிதில். ரகுராமன் சார் என்று ஒரு பயிற்சியாளர். தென்சென்னைக்காரர். ராயபுரத்தில் ஹால் பிடித்து, கடைக்காரர்களுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தார். போன் எடுப்பது, பெயர் பதிவது, தேதி குறிப்பது, ஹால் பேசுவது, ஈமெயிலுக்குப் பதில் போடுவது எல்லாம் நான். இடம், என் வீட்டுக் கூடம். போனிலேயே பேட்டி எடுத்து, போனிலேயே வேலை கொடுத்தவர் அவர். என் முகத்தை அவர் பார்த்ததில்லை.

மாமியார் படுத்த படுக்கையானதால் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸ் வேலையை விட்டவள் நான். வாசலைத் தாண்டாமல் பார்க்கக்கூடிய வேலை இது ஒன்றுதான் கிடைத்தது. போனால் வேறு கிடையாது. அது சாருக்கும் தெரியும், அதுதான் கொடுமை.

சிலிண்டர் வாங்கும் அதிகாரி

சார் எல்லோரிடமும் என் வீட்டை 'எங்க ஹெட் ஆபீஸ்' என்றுதான் சொல்வார். ஹெட் ஆபீஸில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மணலிக்குப் போகும் டேங்கர் லாரி ஹாரன் அடிக்கக் கூடாது. மாமியார் இருமக் கூடாது. இதையெல்லாம் ஈமெயிலில் வரிசை எண் போட்டு அனுப்பினார். லாரிக்காரருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்.

சார் இப்படி என்றால், பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு இது ஆபீஸே இல்லை. நான் காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவருக்கு வகுப்பு விவரம் சொல்லிக்கொண்டிருப்பேன், நேரே உள்ளே வருவாள். ஒருநாள் போனைப் பொத்திக்கொண்டு, "வேலையா இருக்கேன்டி" என்று பல்லைக் கடித்தேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாமே வேலை? போன்ல பேசிகினு வூட்ல சும்மாத்தானே கீற. கேஸ்காரன் வந்தா சிலிண்டர வாங்கி வையி, நான் மார்க்கெட் போயிட்டு வந்துர்றேன்."

கொடுத்துவிட்டுப் பிடுங்குவது

சாருடைய வகுப்புகளில் கூட்டம் அம்முவது எதற்குத் தெரியுமா? 'வேலையைப் பிரித்துக் கொடுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்' என்ற வகுப்புக்கு. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அல்லாடும் முதலாளிகளுக்கு அதில் நல்ல விஷயங்களும் உண்டு. நானே கையேட்டை டைப் அடித்து உருப்போட்டவள்.

அந்த மகானுபாவர் எனக்குக் கொடுத்த ஒரு வேலையையாவது முழுசாகக் கொடுத்தாரா? காலையில், "எல்லாருக்கும் போன் பண்ணி நேரத்தைச் சொல்லிடுங்க" என்பார். மத்தியானம் எனக்குத் தெரியாமல் அதே ஆட்களுக்கு அவரும் போன் செய்து, மனத்தில் தோன்றிய நேரத்தைச் சொல்வார். தண்டையார்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு நான் பத்து மணி என்றேன், சார் ஒன்பது என்றார். பாவம், ஒன்பதுக்கே வந்து பூட்டின ஹால் வாசலில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். தப்பு என்னுடையது இல்லை என்று சொல்லவும் முடியாது, சாரைக் காட்டிக்கொடுத்ததாகும். மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்:

"ஏம்மா, ஒரு சோலிய ரெண்டு பேரு பாக்கிய. பொறவு அடுத்தவனுக்குச் சோலியப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லி எங்களுக்குப் பாடம் எடுக்கிய!"

நாக்குக்கும் கட்டுப்பாடு

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஆறுமுகம் அண்ணன் ஒருநாள் போன் செய்தார். விசாரிக்கத்தான் கூப்பிட்டார், ஆனால் என் பதிவிசான தமிழைக் கேட்டு மென்று விழுங்கினார். "பெரிய எடமா இருக்கும் போல, வேணாம் வுடுங்க" என்று வைக்கப்போனார். அப்போதுதான் நான், "இன்னாண்ணா, வெச்சிட்டுப் போற? நம்ம ஆளுங்கதான் வர்றாங்கோ, தைரியமா வா" என்றேன். அரைமணி நேரம் பேசினார். தம்பி கையில் சாவியைக் கொடுக்கப் பயம், கொடுக்காவிட்டால் உடம்பு தாங்கவில்லை என்று மனசைக் கொட்டினார். தன்னோடு நான்கு பேரையும் சேர்த்துப் பெயர் கொடுத்தார்.

பெருமையாகச் சாரிடம் சொன்னேன். பேசியதை அப்படியே சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஐந்து பேர் சேர்ந்தது அவர் காதில் ஏறவே இல்லை. நான் பிறந்து வளர்ந்த பேச்சு அவருக்கு அவ்வளவு கேவலமாகப் போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமியாரைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். சார் சொன்னது இது:

"ஹெட் ஆபீஸ்ல இருந்து இப்படியா பேசுவாங்க? இன்னொரு தடவை இந்தப் பாஷை கேட்டுச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

ஹால் ஏன் காலி?

ஹாலை ஒட்டி ஒரு அம்மன் கோயில். அங்கே ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். அதனால் வகுப்பை நான்காம் ஞாயிற்றுக்குக் குறித்திருந்தேன். சார் என்னைக் கேட்காமலே ஹால்காரரிடம் பேசி மூன்றாம் ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார். 'வேண்டாம் சார், அன்று கூழ்' என்று மூன்று ஈமெயில் போட்டேன். ஒன்றையும் திறக்கவில்லை. போனில் சொன்னால், "ஹால் காலியா இருக்குங்க, முடிச்சாச்சு" என்றார். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு ஹால் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அந்த மனிதர் யோசிக்க வேண்டாமா?

அன்று காலை பத்தேகாலுக்கு அலறினார். முப்பது பேரில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு நேரே ஒலிபெருக்கி. "நீங்க ஏன் சொல்லலை?" என்று என்னையே கேட்டார். நான் போனை வைத்தேன். ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிட்டு ஐஸ் கம்பெனி மாடியைக் கேட்டேன், உடனே கொடுத்தார். சாரை மூன்று மணிக்கு அங்கே வரச் சொன்னேன். பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அண்ணாச்சியைத் தவிர அத்தனை பேரிடமும் எங்கள் பாஷைதான். "கூழ குட்ச்சிட்டு மூணு மணிக்கு ஐஸ் கம்பெனி மாடிக்கு வந்துரு நைனா." வேலை போனால் போகட்டும் என்ற கோபத்தில்தான் பேசினேன்.

மாமியாரையும் போனையும் மல்லிகாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் போனேன். மாடி நிறைந்திருந்தது. 'கொடுத்த வேலையைத் திரும்பிப் பார்க்காதீர்கள்' என்று சார் முழங்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் என் பக்கத்திலேயே வந்து நின்று, என் வீட்டு நம்பரை அழுத்தி, "கௌரி, டீ சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். நான் சொன்ன டீ என் கையில் இருந்தது. "கௌரி எங்கே? இது யாரு?" என்று போனில் கத்தினார்.

"இங்கதான் இருக்கேன் சார்" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்ப அங்க போனை யார் பாத்துக்கறா?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. ஒரு நன்றி இல்லை! அங்கேயே சொன்னேன்: "இவங்களை எங்க பாஷையிலதான் கூப்பிட்டேன். வேற ஆள் பாக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க." சார் வாயைத் திறக்குமுன் ஆறுமுகம் அண்ணன் குறுக்கே வந்தார்:

"சாரே, இந்தப் பொண்ண அனுப்ச்சிட்டா நாங்க யாராண்ட தேதி கேக்கறது? ஒன்னாண்ட கேட்டா கூழு ஊத்தற அன்னிக்குத்தான் கிளாஸ் வெப்பே!"

பட்டம் பறிபோனது

அத்தனை பேரும் சிரித்தார்கள். சார் அசட்டுச் சிரிப்புடன், "தேதி இனிமே நீங்களே பாத்துக்குங்க கௌரி" என்றார். வேறு ஆள் பேச்சு அதோடு செத்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னால்தான் என் வேலை அவர் கண்ணுக்குத் தெரியுமா?

வீடு திரும்பியபோது மல்லிகா போனை மடியில் வைத்துக்கொண்டு, தலை கலைந்து, குரல் கம்மி உட்கார்ந்திருந்தாள். வகுப்பு விசாரிக்க ஒன்பது பேர் கூப்பிட்டிருந்தார்கள். அத்தனை பெயரையும் என் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்திருந்தாள். போனை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு வாய் தண்ணி குடிக்க வுடலமே. இத்தப் போயி நீ சும்மா கீறன்னு சொன்னேனே, என் வாயில அடுப்புச் சாம்பல கொட்டு!"

அன்றிலிருந்து சாருக்கு என்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது, அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் தினமும் எட்டுத் தடவை போன் செய்தார்.