பக்கத்தில் கூப்பிடப்பட்டவன்

நேற்றுக் காலை நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது வாழையிலைக்கு அடியில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர். ஆங்கிலப் பத்திரிகைத் தாள். பாதிக் கட்டங்களைச் சம்பல் எண்ணெய் குடித்துவிட்டிருந்தது. சோறு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை ஆறவிடுகிற ஆள் நானில்லை என்பது என் தொப்பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது நானும் என் நண்பன் சவரிமுத்துவும் ஜுருவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். தினமும் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் பழைய ஃபெரி. கீழ்த்தட்டில் கார்கள், டீசல் வாடை. மேல்தட்டில் நாங்கள், மடியில் புதிர். சொல்லைக் கண்டுபிடிப்பது அவன், எழுதுவது நான். கையெழுத்து அழகுக்காகக் கிடைத்த பதவி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பேனா என்னுடையது, அவ்வளவுதான்.

ஒருநாள் 'பாரக்லீட்' என்று எழுதச் சொன்னான். பூச்சிமருந்தா என்று கேட்டேன். தூய ஆவிக்கு உள்ள பெயராம்; அவன் கோயிலில் துணையாளர் என்பார்களாம். கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கம், 'க்ளீட்டோஸ்' என்றால் கூப்பிடப்பட்டவன். அந்தக் காலத்தில் வழக்கில் மாட்டியவன், தன் பக்கத்தில் வந்து நிற்க ஒருவனைக் கூப்பிடுவானாம்.

"லாயரா?"

"லாயர் பீஸ் கேப்பான் லா. இவன் சும்மா வந்து நிப்பான்."

சில வருடம் கழித்து, வயிற்றுச் சோதனையின் முடிவு வாங்க அக்கரை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் என் வாய் ஓட ஆரம்பித்தது. அங்கிருந்த மீன்தொட்டியைக்கூட விடவில்லை. பயம் வந்தால் எனக்குப் பேதி மாதிரி ஜோக் வரும். சவரி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், அந்தப் பாரக்லீட்ங்கிற சொல்லுல பேசுறதுன்னு எங்கயும் இல்ல. பக்கத்துல இரு, போதும்."

இருந்தேன். டாக்டர் சொன்னதையும் அப்படியே, வாயைத் திறக்காமல் கேட்டேன். திரும்பும்போது ஃபெரியில் புதிர் மடியிலேயே கிடந்தது. இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி வந்தோம். அடுத்த ஈஸ்டருக்கு அவன் இல்லை.

அந்த ஃபெரியும் இப்போது இல்லை. புதுப் படகில் ஏசி. உட்கார்ந்து கண்ணாடியைத் துடைப்பதற்குள் கரை வந்துவிடுகிறது. நேற்று அந்த எண்ணெய்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். பேனாவும் இருந்தது. ஒரு கட்டமும் நிரம்பாமல் பட்டர்வொர்த் வந்துவிட்டது.