மூக்கு கறுக்கும் மூன்று குட்டிகள்

கண் திறக்காத முயல்குட்டியைக் கையில் கொடுத்தால், வளர்ந்தபின் அது என்ன நிறத்தில் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும். பெருமைதான். அதை அடக்கிச் சொல்ல எனக்கு வராது. என்னோடு ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டிய பெண்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் இருந்தார்கள், கோலத்தில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு வாய்த்தது இந்த ஒன்றுதான். ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரர் சயாம் ரயில் வேலைக்குப் போகாமல் தப்பியதும் இந்த ஒன்றால்தான். அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

சிடாம் கிரிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயம் இருந்தது. சண்டைக்கு முன்பு மரம் வெட்டி முடிந்ததும் துரை பங்களாவுக்குப் போய்த் தோட்டம் கூட்டுவேன். பங்களாவின் பின்பக்கம் துரையம்மா முயல் வளர்த்தாள். ஜித்ரா பக்கம் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மத்தியானத்துக்குள் துரை குடும்பம் காரில் ஏறித் தெற்கே போய்விட்டது. முயல்கள் மூன்று நாள் பட்டினி கிடந்தன. நான் இரண்டு பெட்டைகளைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்று உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கும் காதும் காலும் வாலும் மட்டும் கறுப்பு. அதற்கு ‘மைமூக்கி’ என்று பேர் வைத்தேன்.

பீடோங் போகும் பாதையில் காய்கறி போட்டுக்கொண்டிருந்த சீனரிடம் பால் வெள்ளையில் ஒரு கடுவன் இருந்தது. ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்குக்கு அதை வாங்கினோம். இந்த மூன்றும் கலந்து போட்ட குட்டிகளில் இல்லாத நிறமே இல்லை. சாம்பல்காரி ஓர் ஈற்றில் கறுப்பு, காட்டுமுயல் நிறம், சாம்பல், வெள்ளை என்று எல்லாவற்றையும் போட்டாள்.

பிறந்த அன்று எல்லாம் மயிரில்லாத வெறும் தோல். மூன்றாம் நாள்தான் வேலை ஆரம்பம். கறுப்பாகப் போகிற குட்டியின் தோல் சிலேட்டு மாதிரி ஒரே சீராக இருக்கும். வயிறும் காதின் உட்புறமும் மட்டும் வெளிறியிருந்தால் அது காட்டுமுயல் நிறமாகவோ சாம்பலாகவோ வரும். அந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். மயிர் முளைத்தபின் முதுகில் மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். ஊதின இடத்தில் மயிர் சுழித்து வளையம் வளையமாகத் தெரியும். வளையம் மஞ்சளாக இருந்தால் காட்டுமுயல், வெளுப்பாக இருந்தால் சாம்பல். வெள்ளைக்குட்டிக்கு மூடின இமைக்குள்ளேயே கண் சிவப்பாகத் தெரியும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தேன், தப்பாகச் சொன்னேன், மறுபடி பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னை ‘முசல் சோசியக்காரி’ என்று கேலி செய்வார்.

ஆனால் மைமூக்கியின் குட்டிகள் என்னையே ஏமாற்றின. அவளுடைய முதல் ஈற்றில் எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கண். அசல் வெள்ளை என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அதன் மூக்கு கறுத்துப்போய், அவள் வாசலில் வந்து நின்று என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். அதே ஈற்றில் ஒரு குட்டி மழைநாளில் கூட்டுக்கு வெளியே விழுந்து விறைத்துக் கிடந்தது. அடுப்படியில் வைத்துப் பிழைக்க வைத்தேன். அதற்கு மட்டும் முதுகில் புகை படிந்தமாதிரி மயிர் முளைத்தது. பிறகு அந்தப் புகை உதிர்ந்துபோனது, மூக்கும் காதும் கறுத்தன. குளிர் பட்டால் உள்ளே இருக்கும் கறுப்பு வெளியே வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அசல் வெள்ளைக்கு எவ்வளவு குளிர் பட்டாலும் ஒன்றும் வராது.

ரப்பரை வாங்க ஆளில்லாமல் லயமே மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஒருநாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஓர் உத்தரவைப் படித்தார். ராணுவத்துக்கு வெள்ளை முயல் தோல் வேண்டும். குளிர் தேசத்தில் இருக்கும் சிப்பாய்களுக்குத் தொப்பி தைக்கவாம். ராணுவத்துக்கு முயல் வளர்க்கும் வீட்டில் ஓர் ஆம்பிளையை சயாமுக்கு எடுக்க மாட்டார்கள். குட்டிக்கு இருபது நாள் ஆனதும் கிராணி வந்து வெள்ளை எத்தனை என்று எழுதிக்கொள்வார். எழுதின அத்தனையும் நான்கு மாதத்தில் வளர்ந்து வந்து சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருட்டு, அந்த வீட்டு ஆம்பிளை சயாமுக்கு ஆள் ஏற்றும் லோரியில் ஏற வேண்டியதுதான். நிறமுள்ள முயலை நாங்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நான் பேர் கொடுத்தேன். அடுத்த ஈற்றில் மைமூக்கி எட்டுக் குட்டி போட்டாள். எட்டும் வெள்ளை.

இருபதாம் நாள் கிராணியோடு ஜப்பான் அதிகாரி ஒருவரும் வந்தார். கிராணி கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எட்டு என்று எழுதப் போனார். நான் ஐந்து என்றேன். குட்டிகள் மேல் ஒரு புள்ளி கறுப்புக்கூடக் கிடையாது. ஆனால் காலை வெளிச்சத்தில் வாலடி மயிரைப் பிரித்துப் பார்த்திருந்தேன். மூன்றின் தோலில் மட்டும் சாம்பல் தடவின மாதிரி லேசாக ஒரு மங்கல் இருந்தது.

கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றை ஒளித்துச் சட்டியில் போடப் பார்க்கிறாள் என்று நினைத்தார்.

“உனக்குக் கண்ணு அவிஞ்சிருச்சா? எட்டும் வெள்ளதான?”

“இப்ப வெள்ளதாங்கய்யா. மூணுக்கு மூக்குக் கறுத்துரும். அப்பறம் வந்து, வெள்ளய மாத்தி வச்சிட்டோம்னு நீங்களே சொல்வீங்க.”

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார். பேசாமல் எட்டு என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். நான் திரும்பவில்லை. எட்டு என்று சொன்னால் இன்றைக்கு நிம்மதி. நான்கு மாதம் கழித்து மூன்று குறையும்போது யார் போய் நிற்பது?

அதிகாரி விஷயத்தைக் கிராணியிடம் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி, கத்தரிக்கோலால் அவற்றின் காது நுனியில் சின்னதாக வெட்டினார். ஒரு மாதம் கழித்து வருவார். மூன்றும் கறுத்திருக்க வேண்டும். ஒன்று கறுக்காவிட்டாலும் அடுத்த லோரியில் என் வீட்டுக்காரர்.

பத்து நாளில் இரண்டுக்கு மூக்கில் புகை ஏறியது. மூன்றாவது அப்படியே பால் மாதிரி இருந்தது. அதுதான் கூட்டத்தில் சின்னது. எப்போதும் மற்ற ஏழுக்கும் அடியில் புகுந்து கதகதப்பாகப் படுத்துக்கொள்ளும். நாளாக நாளாக வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டென்று சொல்லியிருந்தால் நான்கு மாதமாவது கிடைத்திருக்கும் என்று புலம்பினார். என் கண்ணை நம்பாதவர், நான் நிறமென்று ஒதுக்கின முசல் கறியை மட்டும் எப்படி நம்பித் தின்றீர்கள் என்று நானும் கத்தினேன். கத்தினேனே தவிர, ராத்திரியில் விளக்கை எடுத்துப்போய் அந்த மூக்கைப் பார்த்துப் பார்த்து வந்தேன்.

அப்போதுதான் மழையில் விறைத்த குட்டி நினைவுக்கு வந்தது. பயம் அதுவரை அதை மறைத்துவைத்திருந்தது. அந்தச் சின்னதைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம், ஈரச் சிமெந்துத் தரையில் வைத்தேன். பெட்டியைச் சுற்றி நனைந்த கோணியைத் தொங்கவிட்டேன். முயல் நாளைக்கு ஒருதரம்தான் பால் கொடுக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் தாயிடம் கொண்டுபோய் விட்டு, குடித்ததும் தூக்கி வந்துவிடுவேன். பாவமாகத்தான் இருந்தது. இல்லாத நிறத்தை நான் பூசவில்லை, உள்ளே இருப்பதை வரச் சொல்கிறேன் என்று அதனிடமே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் அதன் மூக்கில் சாம்பல் விழுந்தது. லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதிகாரி வருகிற அன்று நான் தழை அறுக்கப் போயிருந்தேன். லோரிச் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அதிகாரி கூண்டுக்கு முன்னால் நின்றிருந்தார். எட்டுக் குட்டிக்கும் மூஞ்சியில் கறுப்பு. என் வீட்டுக்காரர், இத்தனை பேர் கண்ணும் பட்டுவிட்டதே என்று அடுப்புக்கரியைக் குழைத்து எட்டுக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு வைக்கிறமாதிரி, மூக்குக்கு மேலே, ஆளுக்கொன்று.

அதிகாரி ஒன்றைத் தூக்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. கிராணி சிரித்தார். கறுப்பு வராததால் பூசிவிட்டோம் என்று அவர் அதிகாரியிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்து லோரிப் பக்கம் கையைக் காட்டினார். அவர் கரிக்கையோடு நடக்க ஆரம்பித்தார்.

“நில்லுங்க” என்றேன். என் புருஷனிடம் சொன்னேனா, அதிகாரியிடம் சொன்னேனா தெரியாது. ரெண்டு பேருமே நின்றார்கள்.

வாளியில் தண்ணீர் எடுத்து, எட்டையும் ஒவ்வொன்றாக மடியில் போட்டு மூஞ்சியைக் கழுவினேன். ஐந்து பாலாக வெளுத்தன. காது வெட்டின மூன்றில் பொட்டு போனது, மூக்கு போகவில்லை. கழுவக் கழுவ இன்னும் கறுப்பாகத்தான் தெரிந்தது. சின்னதைக் கடைசியில் கழுவினேன். அதன் மூக்கு மட்டுமல்ல, இரண்டு காது நுனியும் சாம்பலாக இருந்தது. அதிகாரி அதை வாங்கி, விரலை நனைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

சாம்பல்காரியின் புதுக் குட்டிகள் இருந்த கூடையையும் எடுத்துவரச் சொன்னார். பிறந்து ஒன்பது நாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்பு, சாம்பல், காட்டுமுயல், வெள்ளை என்று சொல்லிக்கொண்டே போனேன். கிராணி சிரிக்காமல் எழுதினார். மைமூக்கி ஈற்றில் வெள்ளை ஐந்து என்பதையும் சேர்த்து எழுதினார். அதன்பிறகு எந்த லயத்துக்கு முயல் எண்ணப் போனாலும், போகிற வழியில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவார். நானும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

லோரி எங்கள் லயத்திலிருந்து யாரையும் ஏற்றாமல் போனது. என் வீட்டுக்காரர் தொட்டியடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கரி எப்போதோ போய்விட்டது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எட்டுன்னு சொல்லுன்னு இழுத்தேன்ல. நல்லவேள புள்ள, நீ என் பேச்சக் கேக்கல.”

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் என்னோடு வாழ்ந்தார். அந்த நாற்பது வருஷத்தில் என்னை ஒருதரம்கூடப் புகழ்ந்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.